சம்பளச் சீட்டில் 2,710, சேமநிதிக் கணக்கில் 1,850: முடிவு தெரியாத கடன்பற்று அட்டை விண்ணப்பம்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனை ஆலையில் மூன்று ஆண்டுகளாக ஆய்வுக்கூட உதவியாளராக வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 1,850 ரிங்கிட். ஓவர்டைம் சேர்த்துக் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளில் 2,710, 2,380, 2,640 ரிங்கிட் என்று உள்ளது. பேரங்காடி வாசலில் மேசை போட்டிருந்த முகவரிடம் கடன்பற்று அட்டைக்கு விண்ணப்பித்து ஆறு வாரங்கள் ஆகிவிட்டன. கேட்கும்போதெல்லாம் "சிஸ்டம் லேட்" என்கிறார். பொறுக்க முடியாமல் மேலும் இரண்டு வங்கிகளுக்கு இணையம் வழி விண்ணப்பித்தேன். அவற்றிலிருந்தும் பதில் இல்லை. அண்ணனுக்காக என் பெயரில் எடுத்த கார் கடன் ஒன்று உண்டு. மாதம் 520 ரிங்கிட். அண்ணன்தான் கட்டுகிறார், சில மாதங்களில் பிந்திவிடும். நான் "பிளாக்லிஸ்ட்" ஆகிவிட்டேன் என்று உடன் வேலை செய்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். 300 ரிங்கிட் கொடுத்தால் சிசிரிஸ் எனும் கடன் தகவல் பதிவைச் சுத்தம் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். தங்கை பல்கலைக்கழகம் போகிறாள். அவசரத்துக்கு ஓர் அட்டை இருந்தால் நல்லது என்றுதான் கேட்டேன். என்ன செய்யட்டும்? – வாசகி, சுங்கை சிப்புட்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் உங்கள் மனத்தில் இருக்கும் பயத்தை நீக்கிவிடுகிறேன். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் "கறுப்புப் பட்டியல்" என்று எதுவும் கிடையாது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்க்கும்போது, உங்கள் விண்ணப்பம் தடைபட்டு நிற்பதற்கு மிகவும் சாத்தியமான காரணம், சம்பளச் சீட்டு காட்டும் தொகைக்கும் ஊழியர் சேமநிதிக் கணக்கு காட்டும் தொகைக்கும் உள்ள இடைவெளிதான். கார் கடனில் ஏற்பட்ட தாமதம் அடுத்த காரணமாக இருக்கலாம். இவை இரண்டுக்கும் முன்பாக, அந்த முகவர் உங்கள் விண்ணப்பப் பாரத்தை உண்மையிலேயே வங்கியில் சேர்த்தாரா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கடன் மதிப்பீட்டு மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தவன் என்ற முறையில், ஒரு விண்ணப்பம் அங்கே எப்படி வாசிக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டுகள், சேமநிதி அறிக்கை, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவை முழுமையாக இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். அடுத்து வயது, வருமானம் ஆகிய அடிப்படைத் தகுதிகள் பொருந்துகின்றனவா என்று கணினி சரிபார்க்கும். சிசிரிஸ், சிடோஸ் போன்ற கடன் தகவல் பதிவுகள் அதன் பின்னர் வரவழைக்கப்பட்டு, வங்கியின் சொந்தப் புள்ளி முறையில் விண்ணப்பம் மதிப்பிடப்படும். எல்லாத் தகவல்களும் ஒன்றோடு ஒன்று பொருந்தினால் பெரும்பாலும் கணினியே முடிவு எடுத்துவிடும்; அத்தகைய விண்ணப்பங்களுக்குச் சில நாள்களிலேயே பதில் கிடைப்பதும் உண்டு. ஏதேனும் ஒரு தகவல் இன்னொன்றோடு முரண்பட்டால், கணினி அதைத் தானாக ஏற்காமலும் நிராகரிக்காமலும் ஓர் அதிகாரியின் பார்வைக்கு ஒதுக்கிவைக்கும். அந்த வரிசையில்தான் வாரக்கணக்கான தாமதம் ஏற்படுகிறது. எனவே, பதில் வராத விண்ணப்பம் பெரும்பாலும் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பமாக இருப்பதில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு விளக்கத்திற்காகக் காத்திருக்கும் விண்ணப்பமாகவே இருக்கும்.

உங்கள் விண்ணப்பத்தில் எது முரண்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு விதியை அறிந்திருக்க வேண்டும். 2011 ஆம் ஆண்டு மார்ச் மாதம் பேங்க் நெகாரா வெளியிட்ட கடன்பற்று அட்டை விதிமுறைகளின்படி, முதன்மை அட்டைதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட், அதாவது மாதம் 2,000 ரிங்கிட், இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட் அல்லது அதற்குக் குறைவாக உள்ளவர்கள் இரண்டு வங்கிகளின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொரு வங்கியும் கொடுக்கும் கடன் வரம்பு மாத வருமானத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. இது வங்கி அதிகாரி தம் விருப்பப்படி தளர்த்தக்கூடிய விதி இல்லை. உங்கள் அடிப்படைச் சம்பளம் 1,850 ரிங்கிட்; 2,000 ரிங்கிட் என்ற கோட்டைத் தொட இன்னும் 150 ரிங்கிட் தேவை. அந்தக் குறையை ஓவர்டைம் நிரப்புகிறது. ஆகவே, உங்கள் ஓவர்டைமை வங்கி வருமானமாக ஏற்றுக்கொள்கிறதா, எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்ற கேள்வியில்தான் உங்கள் விண்ணப்பத்தின் முடிவு தங்கியிருக்கிறது.

சம்பளச் சீட்டை யார் வேண்டுமானாலும் கணினியில் தயாரித்துவிடலாம் என்பதால், வங்கிகள் அதை மட்டும் நம்புவதில்லை. சேமநிதி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட் வரை உள்ள ஊழியருக்கு அவருடைய சந்தா 11 விழுக்காடு, முதலாளியின் சந்தா 13 விழுக்காடு, ஆக மொத்தம் 24 விழுக்காடு. உங்கள் கணக்கில் மாதந்தோறும் ஏறத்தாழ 444 ரிங்கிட் சேர்ந்திருக்கும். மதிப்பீட்டு அதிகாரி அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 1,850 என்ற தொகைதான் வரும். சம்பளச் சீட்டோ 2,710 என்கிறது. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. 1991 ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தில் "சம்பளம்" என்பதன் வரையறைக்குள் ஓவர்டைம் தொகை சேர்வதில்லை. அதனால் அந்தத் தொகைக்குச் சந்தா பிடிக்கப்படுவதும் இல்லை. ஆனால், ஒரு நாளில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைக் கடந்து செல்லும் ஒரு முறைமைக்கு, 860 ரிங்கிட் வேறுபாடு ஓர் எச்சரிக்கையாகவே தெரியும். போலிச் சம்பளச் சீட்டுகளும் இதே மாதிரியான இடைவெளியைக் காட்டும் என்பதால், விண்ணப்பத்தை நிறுத்திவைத்து விசாரிப்பதில் தவறு காண முடியாது.

நம் தோட்டப்புறங்களில் இந்தச் சேமநிதி விதி எல்லாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. பழம் வெட்டுபவருக்குக் குலைக் கணக்கில் கிடைக்கும் கூலியும் ஊக்கத் தொகையும் சேமநிதிச் சந்தாவுக்கு உட்பட்டவை. அதனால் அவருடைய சேமநிதி அறிக்கை அவருடைய உண்மையான வருமானத்தை ஓரளவு சரியாகவே காட்டும். ஆலையில் நேரக் கணக்கில் உழைத்து ஓவர்டைம் வழி சம்பாதிக்கும் உங்களைப் போன்றவர்களின் அறிக்கை, உண்மையில் வருவதைவிடக் குறைந்த வருமானத்தையே காட்டும். ஒரே தோட்டத்தில் ஏறத்தாழ ஒரே தொகையை வீட்டுக்குக் கொண்டுபோகும் இருவரில் ஒருவருக்கு அட்டை விரைவாகக் கிடைப்பதும், மற்றவருக்கு இழுபறியாவதும் இதனால்தான். இதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

ஓவர்டைம் ஒரே சீராக வருவதில்லை என்பது மற்றொரு சிக்கல். செம்பனைப் பழ வரத்து பொதுவாக ஆண்டின் தொடக்க மாதங்களில் குறைந்து, பிற்பாதியில் உச்சத்தை எட்டும். ஆலைக்குப் பழம் குறைவாக வரும் மாதங்களில் ஓவர்டைமும் குறையும். மூன்று மாதச் சீட்டுகளை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு ஆலையின் பருவம் தெரியாது. ஏறி இறங்கும் தொகையைத்தான் அவர் காண்பார். இத்தகைய மாறும் வருமானத்தைச் சில வங்கிகள் ஆறு மாதச் சராசரியாகக் கணக்கிடும். சில, சராசரியில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். வேறு சில, அறவே ஒதுக்கிவிடும். ஒவ்வொரு வங்கிக்கும் இதில் தனிக் கொள்கை உண்டு.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். மூன்று மாதச் சராசரி ஏறத்தாழ 2,577 ரிங்கிட். அதில் ஓவர்டைம் 727. முழுவதையும் ஏற்கும் வங்கியில் உங்களுக்குத் தகுதி உண்டு. கடன் வரம்பு அதிகபட்சம் 5,150 ரிங்கிட் அளவில் இருக்கலாம். பாதியை ஏற்கும் வங்கியில் உங்கள் வருமானம் 2,213 என்று ஆகும். அங்கும் தகுதி உண்டு. ஓவர்டைமை ஏற்காத வங்கியில் 1,850 மட்டுமே நிற்கும். அங்கே எத்தனை முறை விண்ணப்பித்தாலும் கிடைக்காது. ஆகவே, விண்ணப்பிப்பதற்கு முன்பே வங்கிக் கிளைக்குத் தொலைபேசியில் அழைத்து, "ஓவர்டைம் வருமானத்தை நீங்கள் எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?" என்று கேட்டுவிடுவது பல வாரக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

கடன் சுமை விகிதம் என்று வங்கிக்காரர்கள் சொல்வது, சட்டப்படியான கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் மாதத் தவணைகளுக்குப் போகும் பங்கு. பாதி ஓவர்டைம் கணக்கில், சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா முதலியவை போக உங்களுக்கு ஏறத்தாழ 1,990 ரிங்கிட் மிஞ்சும். கார் தவணை 520 அதில் கால் பங்குக்குச் சற்று அதிகம். புதிய அட்டையின் சுமையைச் சேர்த்தாலும் பாதியைத் தொடாது. எனவே இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் பெரிய தடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கார் கடன் வேறு வகையில் உங்களைப் பாதிக்கிறது. சிசிரிஸ் என்பது பேங்க் நெகாரா 2001 ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் கடன் தகவல் முறை. நம் தோட்டத்துக் கடைக்காரர் 555 புத்தகத்தில் எழுதிவைத்ததைப் போல், யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு பாக்கி, எந்த மாதம் கட்டவில்லை என்று அது பதிவு செய்கிறது. கடைக்காரருக்கு இருந்த விருப்பு வெறுப்பு அதற்கு இல்லை. நல்லவர், கெட்டவர் என்று தரம் பிரிப்பதும் இல்லை. கடந்த 12 மாதங்களில் ஒவ்வொரு மாதமும் எத்தனை தவணை நிலுவையில் இருந்தது என்ற எண் மட்டும் அதில் இருக்கும். தவணையைச் சரியாகக் கட்டிய மாதத்தில் 0, ஒரு தவணை பிந்திய மாதத்தில் 1, இரண்டு பிந்தினால் 2. அந்த எண்களுக்கு என்ன பொருள் என்பதை ஒவ்வொரு வங்கியும் தானாகவே முடிவு செய்கிறது. எப்போதாவது ஒரு 1 இருப்பதைப் பல வங்கிகள் பொறுத்துக்கொள்ளும். 1, 1, 2, 1 என்று தொடர்ந்து வந்தால் தயங்கும். மூன்று தவணைகளை எட்டிவிட்டால் அந்தக் கடன் செயலிழந்த கடனாகக் கருதப்படும். அந்த நிலையில் புதிய அட்டையைப் பற்றிப் பேசவே முடியாது.

அண்ணன் கட்டுகிறார் என்பது உங்கள் குடும்பத்துக்குள் உள்ள ஏற்பாடு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் நீங்கள், அடையாள அட்டை எண் உங்களுடையது, பதிவும் உங்களுடையதே. உடன்பிறந்தவருக்காகப் பெயர் கொடுப்பது நம் குடும்பங்களில் பாசத்தின் வெளிப்பாடாகவே நடக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அவருடைய ஒரு வாரத் தாமதம் உங்கள் பெயரில் ஓராண்டுக்கு நிற்கிறது என்பதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் பணத்தை உங்கள் கணக்கில் தவணைத் தேதிக்கு ஒரு வாரம் முன்பாகவே போட்டுவிட, உங்கள் கணக்கிலிருந்து தவணை தானாகக் கழியுமாறு நிலையான கட்டளை ஒன்றை வங்கியில் பதிவு செய்துவிடுங்கள். சிசிரிஸ் அறிக்கை 12 மாதங்களை மட்டுமே காட்டுவதால், இன்றிலிருந்து ஒழுங்காகக் கட்டினால் பழைய 1 எண்கள் மாதம் ஒன்றாகத் தாமாகவே மறைந்துகொண்டே வரும்.

300 ரிங்கிட்டுக்குப் பதிவைச் சுத்தம் செய்கிறேன் என்பவரின் பேச்சு ஏன் பொய் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். சிசிரிஸில் உள்ள தகவல்களைக் கடன் கொடுத்த நிறுவனங்களே அனுப்புகின்றன. தவறு இருந்தால் அந்த நிறுவனம்தான் திருத்த முடியும், அதற்குக் கட்டணமும் இல்லை. வெளியாள் எவராலும் அதற்குள் நுழைந்து ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது. அவரிடம் பணத்தையும் கொடுக்காதீர்கள். அடையாள அட்டைப் படத்தையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ கைப்பேசிக்கு வந்த ரகசிய எண்ணையோ கொடுத்திருந்தால், உடனே உங்கள் வங்கியையும் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணையும் அழையுங்கள்.

சிடோஸ் என்பது தனியார் நிறுவனம். 2010 ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இயங்குவது. அதன் புள்ளி 300 முதல் 850 வரை செல்லும். சிசிரிஸில் வராத சில விவரங்கள் அதில் வரக்கூடும்: நீதிமன்ற வழக்குகள், திவால் அறிவிப்புகள், கட்டாமல் கைவிட்ட கைப்பேசிக் கட்டணங்கள் போன்றவை. முன்பு வைத்திருந்த ஏதேனும் ஓர் எண்ணை, பாக்கியைக் கட்டாமல் நிறுத்தியிருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். எண்பது ரிங்கிட் தொலைபேசிப் பாக்கி ஒரு விண்ணப்பத்தை நிறுத்திவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, தோட்டப்புறத்து மக்களுக்கே உரிய சில தாமதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது பெயர். அந்தக் காலத்தில் பிறப்புப் பத்திரத்துக்காகத் தோட்டக் கிராணி தம் காதில் விழுந்தபடி எழுதிக்கொடுத்த எழுத்துகள் தலைமுறை தாண்டியும் தொடர்கின்றன. அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், சம்பளச் சீட்டில் வேறொன்று, வங்கிக் கணக்கில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் என்று இருந்தால், மூன்றும் ஒரே ஆளா என்ற ஐயம் எழும். அடையாள அட்டை எண் எல்லா ஆவணங்களிலும் அச்சாகியிருந்தால் இந்தச் சிக்கல் குறையும். உங்கள் சம்பளச் சீட்டில் அந்த எண் இல்லையென்றால், அலுவலகத்தில் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது முகவரி. துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களின் லயத்து முகவரிகள் இன்னும் பலருடைய அடையாள அட்டையில் இருக்கின்றன. ஆனால் அவர்கள் பட்டணத்துத் தாமானில் குடியிருக்கிறார்கள். வங்கி அனுப்பும் கடிதம் இல்லாத வீட்டைத் தேடிப் போய்த் திரும்பி வருகிறது. முகவரி மாறினால் தேசியப் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டமும்கூட. பாரத்தில் எழுதிய முகவரியும் அடையாள அட்டை முகவரியும் வேறாக இருந்தால், தற்போதைய வீட்டின் தண்ணீர் அல்லது மின்சாரக் கட்டண ரசீது ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

மூன்றாவதுதான் அதிகமாக நடப்பது. வேலை செய்யும் இடத்தை உறுதிப்படுத்த வங்கி தொலைபேசியில் அழைக்கும். ஆலையின் எண்ணை அழைத்தால் சில வேளைகளில் வாயிற்காவலர் எடுப்பார். "அப்படி யாரும் இருக்கிறார்களா என்று தெரியாது" என்று சொல்லிவிடுவார். சம்பளச் சீட்டில் உள்ள எண் தலைமை அலுவலகத்தினுடையது என்றால், அங்குள்ளவருக்கு உங்களைத் தெரிந்திருக்காது. உங்கள் கைப்பேசிக்கு அழைத்தால், நீங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பீர்கள். அல்லது தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டிருப்பீர்கள். மோசடி அழைப்புகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் எடுக்காததில் தவறில்லை. ஆனால், மூன்று முறை முயன்றும் கிடைக்காவிட்டால் விண்ணப்பம் ஓரமாக வைக்கப்படும். ஆலை அலுவலகத்தில் பணியாளர் விவரங்களைக் கவனிப்பவர் யாரோ, அவருடைய பெயரையும் நேரடி எண்ணையும் பாரத்தில் எழுதுங்கள். வங்கியிலிருந்து அழைப்பு வரும் என்று அவரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முகவர் பற்றி ஒரு வார்த்தை. பேரங்காடி வாசலில் மேசை போடுபவர்களில் பலர் வங்கி ஊழியர்கள் அல்லர், விற்பனைக்காக அமர்த்தப்பட்டவர்கள். பாரத்தில் ஏதேனும் குறை இருந்தால், அதை உங்களிடம் சொல்லித் திருத்துவதைவிட அடுத்த வாடிக்கையாளரைத் தேடிப் போவது அவர்களுக்கு எளிது. எனவே, "சிஸ்டம் லேட்" என்ற பதிலோடு நின்றுவிடாமல், வங்கியின் அதிகாரபூர்வ வாடிக்கையாளர் சேவை எண்ணை அந்த வங்கியின் இணையத்தளத்திலிருந்தோ கிளையிலிருந்தோ பெற்று நீங்களே அழையுங்கள். அடையாள அட்டை எண்ணைச் சொல்லி, என் பெயரில் விண்ணப்பம் பதிவாகியுள்ளதா, அதன் குறிப்பு எண் என்ன, எந்த ஆவணத்துக்காக அது காத்திருக்கிறது என்று கேளுங்கள். இன்னொரு வழியும் உண்டு. பேங்க் நெகாராவின் இசிசிரிஸ் இணையச் சேவையில் பதிவு செய்துகொண்டு உங்கள் அறிக்கையைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். முடிவு தெரியாத விண்ணப்பங்களும், கடந்த 12 மாதங்களில் அங்கீகரிக்கப்பட்டவையும் அதில் தெரியும். ஆறு வாரங்களுக்குப் பிறகும் முதல் வங்கியின் விண்ணப்பம் அங்கே காணப்படவில்லை என்றால், உங்கள் பாரம் வங்கிக்குள் போகவே இல்லை என்று ஐயப்பட இடம் உண்டு. அப்படியானால் அந்த முகவரிடம் கொடுத்த நகல்கள் எங்கே என்பதையும் வங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

அதே அறிக்கையை மற்ற வங்கிகளும் பார்க்கின்றன என்பதால், மூன்று விண்ணப்பங்கள் ஒரே நேரத்தில் நிலுவையில் இருப்பது உங்களுக்கு நன்மை செய்யாது. பணத்துக்கு அவசரமாக அலைபவர் என்ற எண்ணத்தை அது தோற்றுவிக்கும். மேலும், உங்கள் வருமான நிலையில் இரண்டு வங்கிகளுக்கு மேல் அட்டை வழங்க முடியாது என்பதால், மூவரும் மற்ற இருவரின் முடிவை எதிர்பார்த்து நிற்கும் நிலையும் ஏற்படலாம். ஓவர்டைமை ஏற்கும் வங்கி எது என்று விசாரித்து, அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மின்னஞ்சல் வழி மீட்டுக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொண்ட விண்ணப்பத்துக்கு நீங்கள் அனுப்ப வேண்டிய மிக முக்கியமான ஆவணம் இ.ஏ. பாரம். முதலாளி ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாத இறுதிக்குள் ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய இந்தப் பாரத்தில், ஓவர்டைம் உட்பட ஆண்டு முழுவதும் நீங்கள் ஈட்டிய மொத்த வருமானம் இருக்கும். பழ வரத்து குறைந்த மாதமும் கூடிய மாதமும் அதில் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், விதி கேட்கும் 24,000 ரிங்கிட்டை நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. பலர் இதை அலமாரியில் போட்டு மறந்துவிடுகிறார்கள். இதோடு ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும், சம்பளம் வரவு வைக்கப்பட்ட ஆறு மாத வங்கி அறிக்கையையும், ஓவர்டைம் உங்கள் பணியில் வழக்கமாக உள்ளது என்று ஆலை நிர்வாகம் தரும் ஒரு கடிதத்தையும் சேருங்கள். சேமநிதிச் சந்தாவில் ஓவர்டைம் சேராததால்தான் தொகைகள் வேறுபடுகின்றன என்று இரண்டு வரியில் ஒரு விளக்கக் கடிதம் எழுதி மேலே வைத்தால், அதிகாரி ஐயப்பட வேண்டிய அவசியமே இருக்காது. அந்த இரண்டு வரிகள் உங்கள் கோப்பை முரண்பட்ட கோப்புகளின் அடுக்கிலிருந்து எடுத்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவ்வளவும் அனுப்பிய பிறகும் பதில் வரவில்லை என்றால், வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணை அழைக்கலாம். பதில் தராமல் இழுத்தடிப்பதைப் பற்றி அங்கே முறையிடலாம். ஆனால் அட்டையைக் கொடுக்கச் சொல்லி வங்கியை அவர்கள் வற்புறுத்த மாட்டார்கள். கடன் கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் வணிக முடிவு.

ஒருவேளை நிராகரித்துவிட்டால் உடனே வேறு வங்கிக்கு ஓடாதீர்கள். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் சிசிரிஸ் அறிக்கையில் பதிவாகி நிற்பதில்லை. அதனால் மனம் உடைய வேண்டியதில்லை. ஆறு மாதங்கள் கார் தவணையைத் தவறாமல் கட்டிவிட்டு, பழ வரத்து கூடிய மாதங்களின் சம்பளச் சீட்டுகள் கைக்கு வந்த பிறகு மீண்டும் விண்ணப்பியுங்கள். சேமிப்பு இருந்தால், நிலையான வைப்புத் தொகையைப் பிணையாகப் பெற்றுக்கொண்டு அட்டை வழங்கும் வங்கிகளும் உண்டு. இடைப்பட்ட காலத்தில் தங்கையின் செலவுக்காக, சட்டவிரோதமாக வட்டிக்கு விடும் ஆலோங் கும்பலிடம் மட்டும் போய்விடாதீர்கள். உங்கள் தேவைக்கும் அவர்கள் கேட்கும் விலைக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை.

2,000 ரிங்கிட் என்ற இந்தக் கோடு நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். 2025 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். அதை மட்டும் பெறும் தொழிலாளிக்கு அட்டை கிடைக்க வழியில்லை. இருப்பினும், குறைந்த வருமானத்தில் நான்கைந்து அட்டைகள் வைத்து, ஒன்றை எடுத்து இன்னொன்றை அடைத்துத் திவாலாகிப் போன இளைஞர்களைப் பார்த்தவன் என்பதால், அந்தக் கோடு காக்கிறது என்பதே என் கருத்து. அட்டையில் 3,000 ரிங்கிட் பாக்கி இருந்து, குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை, அதாவது 150 ரிங்கிட்டை மட்டும் கட்டினால், ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில் அந்த மாதம் 45 ரிங்கிட் வட்டிக்கே போய்விடும். கடன் 105 ரிங்கிட்தான் குறையும். 12 மாதங்கள் தவறாமல் கட்டுபவருக்கு வட்டி 15 விழுக்காடு. 10 மாதங்களுக்குக் குறையாமல் ஒழுங்காகக் கட்டியவருக்கு 17. முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டினால் வாங்கிய பொருளுக்கு வட்டியே இல்லை. அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுத்தால் அந்தச் சலுகை இல்லை. கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும். தங்கைக்குப் பணம் அனுப்ப அந்த வழியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

அட்டை அங்கீகரிக்கப்பட்டதும் ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கூரியர் வழி வரும். ஆலை வேலை நேரத்தில் வீட்டில் வாங்க யாரும் இல்லை என்றால், பட்டணத்துக் கிளையில் நேரில் பெற்றுக்கொள்ள முடியுமா என்று விண்ணப்பத்தின்போதே கேட்டு, அந்த வசதி இருந்தால் அதையே பாரத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.